இரண்டடிக் கடல்

வீடு,
ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் கடலிலும் கரையிலும் உள்ள சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டு இரண்டடி மீன் தொட்டியின் இடது கண்ணாடியில் நெடுங்காலமாக வசித்துவந்த நத்தையார் இஸ்திரி அவர்கள், ஆழ்ந்த ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை வலது கண்ணாடிக்குக் குடிபெயர்ந்தார். பயணம் அமைதியாக நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அவர் போன வழியெல்லாம் கண்ணாடி, பெட்டி போட்ட சட்டை மாதிரி பளபளக்கிறது. பொருத்தமாகத்தான் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் நலம், நத்தை நலம். உன் கடல்மீன் பட்டனும் நலம், ஆரஞ்சும் வெள்ளையுமாக, சட்டையில் தைக்காத பட்டன் மாதிரியே ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டிருக்கிறது. நீ நலமா என்று மூன்று பேரும் கேட்கிறோம். பதிலுக்கு நத்தை அவசரப்படவில்லை. நான் அவசரப்படுகிறேன்.

கப்பலில் இன்டர்நெட் ஆராய்ச்சிக்கு மட்டும்தான், அக்கா தம்பிக்குக் கிடையாது என்று உன் கேப்டன் சொல்லிவிட்டதால் பேனா பிடிக்க வேண்டியதாயிற்று. ஏஜென்ட் ஆபீஸில் கொடுத்தால் சாமான் ஏற்றிவரும் படகில் உனக்குச் சேருமாம். சேர்வதற்குள் இஸ்திரியே நீந்தி வந்து செய்தி சொல்லிவிடும்.

அம்மா ஆஸ்பத்திரியில், எப்போதும்போல ஒரு டியூட்டி முடிவதற்குள் அடுத்த டியூட்டி. அப்பா தையல் கடையில், எப்போதும்போல கழுத்தில் டேப்போடு. தொட்டிப் பக்கம் திரும்புவதில்லை. நீ கிளம்பிய அன்று சொன்னதை மாற்றவுமில்லை: "போறவ இதையும் தூக்கிட்டுப் போயிருக்கணும். ஒரு நாள் நாத்தம் வரட்டும், தொட்டி தெருவுக்குப் போயிடும்."

ஆகவே நாற்றம் வருவதற்குள் பெருஞ்சுத்தம் ஒன்று திட்டமிட்டிருக்கிறேன். நீ கவலைப்படாதே. நீ கடலில் இருக்கிறாய். கடல் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கடல் மேலாளர்,
உன் தம்பி


கப்பல்,
ஜூன் 18

அன்புள்ள வாலுக்கு,

நலம். உன் கடிதத்தை மேல்தளத்தில் நின்று படித்தேன். காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. நத்தை செய்தி என்பதால் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே விடிந்தால் பாட்டில்களைக் கம்பிக்கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்குவது, ஏற்றுவது, வந்த தண்ணீரின் உப்பை அளப்பது. கைவிரல் எல்லாம் வெடித்திருக்கிறது.

பெருஞ்சுத்தம் என்று படித்ததும் பேனா தேடிக் கீழே ஓடிவந்தேன். டேய், தொட்டி வேறு, பாத்திரம் வேறு. ஃபில்டர் பஞ்சு பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் அந்த அழுக்கில்தான் குடியிருந்து, மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகின்றன. அதற்கு வெந்நீரைக் காட்டாதே. குழாய்த் தண்ணீரையும் காட்டாதே. ஃபில்டருக்குள் இருக்கும் பீங்கான் வளையங்களைத் தேய்க்காதே. மணலைக் கிளறாதே. ரொம்ப ஆசையாக இருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை ஒரு முறை அலசிவிட்டுப் போட்டுவிடு.

அப்பா எப்படி இருக்கிறார்? முதுகுவலி குறைந்ததா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


வீடு,
ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். எல்லாம் நலம். தண்ணீர் மட்டும் சுண்ணாம்பு கரைத்தது போல இருக்கிறது.

நேற்று முன்தினம் பெருஞ்சுத்தம் இனிதே நடந்தேறியது. பஞ்சை வெந்நீரில் போட்டுப் பிழிந்தேன். கறுப்பாக ஓடியதைப் பார்க்கவே அவ்வளவு திருப்தி. வளையங்களைக் குழாயடியில் வைத்துத் தேய்த்தேன், பல் டாக்டரிடம் போய்வந்த மாதிரி வெளுத்துவிட்டன. மணலையும் ஒரு கிளறு கிளறினேன். அன்று மாலை தொட்டி விளம்பரப் படம் மாதிரி இருந்தது. உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. நீ செய்யாதே என்று எழுதியவை அனைத்தையும், நீ எழுதிய அதே வரிசையில், உன் கடிதம் இல்லாமலே செய்து முடித்திருக்கிறேன். ரத்தபாசம் என்பது இதுதான் போல.

பட்டன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஏதோ சொல்ல வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அப்பா இன்னும் பார்க்கவில்லை. என் பெட்ஷீட்டைப் போட்டுத் தொட்டியை மூடிவிட்டேன். "என்னடா இது?" என்று அம்மா கேட்டாள். "மீனுக்குக் கூச்சம்" என்றேன். இன்று எனக்கு மேட்ச் இருக்கிறது. மத்தியானம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், அதனால் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இல்லை. போகாவிட்டால் டீமில் கிழித்துவிடுவார்கள். இங்கே உட்கார்ந்து அதன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. நாலு முறை செருப்பைப் போட்டுப் போட்டுக் கழற்றிவிட்டேன்.

சீக்கிரம் எழுது. சீக்கிரம் என்றால் சீக்கிரம்.

தம்பி


கப்பல்,
ஜூலை 17

டேய்,

முதலில் தீனியை நிறுத்து. இரண்டு நாள் பட்டினி கிடந்தால் மீன் சாகாது. இந்தத் தண்ணீரில் இன்னும் தீனி விழுந்தால் செத்துவிடும். காற்று மோட்டார் ஒன்று வாங்கி ஓடவிடு. வாளியில் உப்பு கரைத்து, ஒரு நாள் கலக்கவிட்டு, அதன் பிறகு தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மாற்று. முழுதாக மாற்றிவிடாதே. வேறு யாருடைய தொட்டியிலாவது பழைய பஞ்சு கிடைத்தால் கெஞ்சிக் கேட்டு வாங்கு. செத்த கிருமிகளுக்குப் பதில் புதுசாகக் குடிவர ஆள் வேண்டும்.

பட்டனுக்கு ஆறு வயது. பொத்தான் அளவு இருந்தபோது வாங்கியது.

இது உன் கைக்கு வருவதற்குள் என்ன ஆகியிருக்குமோ தெரியவில்லை. அப்பா பார்த்துவிட்டாரா? என்ன சொன்னார்?

அக்கா


வீடு,
ஆகஸ்ட் 5

பேரன்புள்ள அக்காவுக்கு,

பேரண்டமெங்கும் நலம்! நீயும் நலமாக, விரல் வெடிப்பெல்லாம் ஆறி இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது போர் முடிந்து, கொடி ஏற்றி, இனிப்பும் கொடுத்தாகிவிட்டது. தண்ணீர் தெளிந்துவிட்டது. பட்டன் உருள்கிறது. நீ எழுதியதை எல்லாம் நீ எழுதுவதற்கு முன்பே செய்துவிட்டேன். தீனி நிறுத்தம், ஆயிற்று. காற்று மோட்டார், ஆயிற்று. வண்ணமீன் கடைக்காரர் தொட்டியிலிருந்து ஓர் அழுக்குப் பஞ்சு, கைக்குழந்தை மாதிரி ஏந்திக் கொண்டுவரப்பட்டது. இந்த ஊரில் இவ்வளவு மரியாதையோடு எந்த அழுக்கும் ஊர்வலம் போனதில்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு. தண்ணீர் குறையக் குறைய நான் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பட்டன் கருவாடு ஆகியிருக்கும். இப்போது கண்ணாடியில் அளவெடுக்கும் டேப்பில் ஒரு துண்டு ஒட்டியாகிவிட்டது. அரை அங்குலம் இறங்கினால் அரை அங்குலத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். அது கேன் கேனாக வருகிறது. எங்கிருந்து என்று கேட்காதே, தொழில் ரகசியம்.

அம்மாவும் நலம். அப்பாவும் நலம். இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறார். கடையில் வெக்கையாம்.

இப்படிக்கு,
தண்ணீர் மருத்துவர்,
உன் தம்பி


கப்பல்,
ஆகஸ்ட் 24

என் சிங்கமே,

நலம். உன் கடிதத்தை சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "அந்தப் பையனை இங்க வரச் சொல்லும்மா, நம்ம குடிதண்ணியையும் கொஞ்சம் பாக்கட்டும்" என்கிறார் சமையல்காரர். அழுதது நான் மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான். நீ இவ்வளவு பொறுப்பாக இருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.

இனி தீனியை அளந்து போடு. பாசம் கூடினால் தீனி கூடும், தீனி கூடினால் பாசி கூடும். விளக்கையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதே.

ஒன்று கேட்க வேண்டும். அந்த டேப் யாருடையது? நம் வீட்டில் டேப் என்றால் ஒன்றுதான், அது அப்பாவின் கழுத்தில் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் கேன் என்றால் எனக்கு ஞாபகம் வருவது, கடையில் நீராவிப் பெட்டிக்கு ஊற்றுவார்களே, அதுதான். நீ அங்கேயிருந்து எடுக்கவில்லைதானே?

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா?

அக்கா


வீடு,
செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சிங்கம் நலம். (கர்ர்.) நீயும் உன் பாட்டில்களும் நலமா?

நீ எச்சரித்தபடியே, நீ எச்சரித்த கடிதம் வருவதற்குள், பாசி வந்துவிட்டது. பாறைக்குப் பச்சைத் தாடி முளைத்துவிட்டது. வாரி விட்டால் சாமியார் என்று கும்பிடலாம். இஸ்திரி மேய்ந்து பார்த்துவிட்டு, நம்மால் ஆகாது என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

பாசி வெளிச்சத்தைத் தின்று வளருவதால் வெளிச்சத்தையே நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. மூன்று நாள் முழு இருட்டு. அதற்கென்று தொட்டிக்கு ஒரு கறுப்பு உறை தயார். சும்மா போர்வை இல்லை, அக்கா! நாலு மூலையும் பொருந்தி, விளிம்பு மடித்து, மோட்டார் வயர் வெளியே வர ஓட்டை வைத்து, அந்த ஓட்டைக்கும் பட்டன் துளைக்குப் போடுவது போலக் காஜா எடுத்து! முன்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். பட்டனைத் திறந்தால் பட்டனைப் பார்க்கலாம். மூன்று நாள் கழித்து உறையைக் கழற்றினோம். தாடி பாதி உதிர்ந்திருந்தது. மீதியை டூத்பிரஷால் பிடுங்கியாகிவிட்டது.

எல்லாம் உன் தம்பியின் மூளை. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கை கேட்கவில்லை.

டேப் பற்றிக் கேட்டிருந்தாய். டேப் நலம்.

சிங்கம்


வீடு,
அக்டோபர் 20

அக்காவுக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். படகு இரண்டு முறை வந்துபோனது என்று ஏஜென்ட் ஆபீஸில் சொல்கிறார்கள். இரண்டு முறையும் எனக்கு ஒன்றும் இல்லை. "மத்தவங்களுக்கெல்லாம் வந்திருக்கே தம்பி" என்கிறார் அங்கே உட்கார்ந்திருப்பவர், நான்தான் தபாலைத் தின்றுவிட்ட மாதிரி. தினமும் ஸ்கூல் விட்டதும் அந்தப் பக்கம் போய் வருகிறேன். வீட்டிலும் தினமும் ஒருவர் கேட்கிறார். அம்மா இல்லை.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


கப்பல்,
நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு முறையும் எழுத உட்கார்ந்தேன், இரண்டு முறையும் படகை வெறுங்கையோடு அனுப்பினேன்.

ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் நீ விரலைத்தான் கோத்துக்கொள்வாய். காஜா எடுத்த உறை உன் வேலை இல்லை. கடைத் துணியை எடுத்து, கடை ஆளிடம் கெஞ்சித் தைத்து வாங்கியிருக்கிறாய். டேப்பும் கடையுடையது, தண்ணீரும் கடையுடையது. அப்பாவுக்குத் தெரியாமல் எத்தனை நாள் எடுப்பாய்? தெரிந்துவிட்டால் உன்மேலும் கோபம், என்மேல் இருப்பதற்கு மேலே இன்னும் கோபம். என் தொட்டிக்காக நீ திருட வேண்டாம்.

ஒவ்வொரு கடிதத்திலும் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். எதையும் எழுதாமல் விடுகிற ஆள் நீ இல்லை. நத்தை நகர்ந்ததையே ஒரு பக்கம் எழுதுவாய். இதை நீ எழுதவில்லை என்றால், எழுதும்படி ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம். வீட்டில் ஒருவர் தினமும் கேட்கிறார் என்று போன கடிதத்தில் எழுதியதும் என்னைத் தேற்றத்தான் என்று தெரியும்.

டிசம்பரோடு இங்கே என் வேலை முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த படகு திரும்பும்போது என் பதில் அதில் போக வேண்டும். சரி என்று கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறேன். தொட்டியைத் தெருமுனைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிடு. காத்திருக்கும் குழந்தைகள் பட்டனைப் பார்த்தால் கொஞ்சம் குறைவாக அழும்.

நீ நன்றாகப் பார்த்துக்கொண்டாய். அதை மறக்க மாட்டேன்.

அக்கா


வீடு,
நவம்பர் 16

அக்கா,

குசலம் விசாரிக்க நேரமில்லை. ஏஜென்ட் ஆபீஸ் மூடுவதற்குள் இதைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். நாளைக் காலை கிளம்பும் படகுதான் உன் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படி. போட்டுவிட்டாய் என்றால், அதன்மேல் கொஞ்சம் கடலை ஊற்றிவிடு.

நான் எதையும் திருடவில்லை. அதைவிட மோசம். நான் எதையும் செய்யவே இல்லை.

பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டு மேட்சுக்குப் போனேனே, அன்று அப்பா மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. பெட்ஷீட் தரையில். அப்பா ஒரு நாற்காலியைத் தொட்டியை ஒட்டிப் போட்டு, டம்ளரால் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, மேலேயிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். மறுபடி மொள்வது, மறுபடி ஊற்றுவது. தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று. சட்டை தோள்வரை நனைந்திருந்தது. தொட்டி தெருவுக்குப் போகப்போகிறது, கூடவே நானும் போகப்போகிறேன் என்று நினைத்தேன்.

"மூச்சு முட்டுதுடா இதுக்கு. என்ன பண்ணி வெச்ச?"

"சுத்தம் பண்ணேம்பா."

"இந்தா, டம்ளரப் பிடி. நிறுத்தாத."

என் கையில் கொடுத்துவிட்டு, போகிற வழியில் தையல் கடையைப் பூட்டிவிட்டு, வண்ணமீன் கடைக்குப் போனார். மோட்டார் வாங்கியது அவர். அழுக்குப் பஞ்சை ஏந்தி வந்தது அவர். உப்பு ஆவியாகாது என்று கேட்டுக்கொண்டு வந்தது அவர். தண்ணீர் அவர் கடைத் தண்ணீர்தான், நீராவிப் பெட்டிக்கு ஊற்றுவது. அவரே தோளில் வைத்துத் தூக்கி வருகிறார். டேப்பையும் அவரேதான் வெட்டினார், முதல் மூன்று அங்குலத்தை. வெட்டியதை மறந்துவிட்டு அந்த டேப்பாலேயே ஒருவருக்கு இடுப்பளவு எடுத்திருக்கிறார். போட்டுப் பார்க்க வந்த மனிதர், "மாஸ்டர், இதுல இன்னொருத்தரையும் கூட்டிட்டு வரணுமா?" என்று கேட்டாராம். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உறையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காஜாவைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். நீ பார்க்கவில்லை, நான் எழுதியதைத்தான் படித்தாய். அதுதான் தப்பாகிவிட்டது.

உன் கடிதம் வந்தால், "தண்ணியப் பத்தி என்ன எழுதியிருக்கா, அத மட்டும் படி" என்பார். படிப்பேன். "அப்புறம்?" என்பார். "அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டிருக்கா" என்பேன். உடனே டூத்பிரஷை எடுத்துக் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார், பாசியே இல்லாத இடத்தில்.

இதையெல்லாம் உனக்கு எழுதாதே என்று அவர்தான் சொன்னார். "தூக்கிப் போடுவேன்னு சொன்னவன் நானு. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு... நீ பாத்துக்கறன்னே அவ நெனச்சுக்கட்டும்." சொல்லாதே என்றுதான் சொன்னார், ஜம்பம் அடித்துக்கொள் என்று சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. இந்த வீட்டில், தெருவில், ஸ்கூலில், எல்லோருக்கும் நான் வால். நீ ஒருத்திதான் சிங்கம் என்று எழுதினாய். வாலுக்கு முன்னால் முதல்முறையாக ஒரு சிங்கம் முளைத்ததும் வெட்டிவிட மனசு வரவில்லை.

உன் கடைசிக் கடிதத்தை நேற்று அப்பாவிடம் ஒரு வரி விடாமல் படித்தேன். பல் டாக்டர் வந்த இடத்தில் டூத்பிரஷ் நின்றது. இரண்டு வருடம் என்ற இடத்தில் எழுந்து கடைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், டேப்பை மறந்துவிட்டாராம். டேப் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, தண்ணி இப்ப எப்படி இருக்குன்னு அவளுக்கு எழுதட்டுமா?"

"எழுதினா தெரியுமா? வந்து பாக்கச் சொல்லு."

"இப்படியே எழுதட்டுமா?"

"உன் இஷ்டம். இத்தன நாள் என்னக் கேட்டுட்டா எழுதின?"

இப்படியே எழுதிவிட்டேன்.

நான் கிட்டே போனால் பட்டன் பாறைக்குப் பின்னால் ஓடுகிறது. அவர் வந்தால் மேலே வருகிறது. நான் இதுவரை அந்தத் தண்ணீரில் கையை மணிக்கட்டுக்கு மேல் நனைத்ததில்லை, அந்தப் பெருஞ்சுத்தத்தைத் தவிர.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தில், இஸ்திரி இடது கண்ணாடியிலிருந்து வலது கண்ணாடிக்குக் குடிபெயர்ந்தது என்று எழுதினேனே. அது தானாகப் போகவில்லை. காலையிலிருந்து பார்த்தேன், நகரவே இல்லை. உனக்கு எழுத ஒன்றும் இல்லையே என்று, நான்தான் பிடுங்கி எடுத்து அந்தப் பக்கம் ஒட்டினேன்.

இப்படிக்கு,
வெறும் வால்